அறுபத்தைந்து முதல் எண்பது வரை

டான்டினோங் ரயில் நிலையத்துக்குப் பின்னால், கார் கழுவுகிற இடத்துக்கும் ஆப்கான்காரரின் ரொட்டிக் கடைக்கும் நடுவில், நகரசபை எப்போதோ கட்டிவிட்டு மறந்துபோன ஒரு மண்டபம் இருக்கிறது, அந்த மண்டபத்தில், மெல்பேர்ண் குளிர் காலுறைக்குள்ளால் ஏறுகிற யூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பின்னேரம் நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கலாநிதி அருமைநாயகம் மைக்கைப் பிடித்து, "இந்த நூலை நான் ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன்" என்று சொன்னார், சொல்லி வாய் மூட முதல் அவருடைய இரண்டு கால்களும் நிலத்தை விட்டு ஒன்றரை அடி மேலே போயின.

அவர் பேச்சை நிறுத்தவில்லை. நாங்களும் இறங்கச் சொல்லவில்லை. தலைமை தாங்கிய செல்வரூபன் அண்ணை, கிழமை நாட்களில் ஒரு கிட்டங்கியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், எந்தப் பாரம் எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் கண் இமைக்காத மனுசன், எழும்பி வந்து மைக்கின் கழுத்தை ஒன்றரை அடி உயர்த்திவிட்டுத் திரும்பப் போய் இருந்தார். இரண்டாவதாகப் பேசியவர் "இந்த நூல் என் நித்திரையைப் பறித்துவிட்டது" என்று சொல்லி இரண்டடி போனார். மூன்றாவது ஆள் "ஒவ்வொரு வரியும் ஒரு வைரம்" என்று இரண்டரை அடி போனார். நாலாவதாக வந்த அம்மா "இந்த நூலைப் பற்றிச் சொல்ல என்னிடம் வார்த்தைகளே இல்லை" என்றா, அவ மட்டும் ஒரு சாண்தான் போனா. பொன்னாடை போர்த்தக் கதிரையில் ஏறவேண்டி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பேச்சுக்கள் முடிந்து ரீக்கும் வடைக்கும் கூப்பிட்டவுடன், ஏதோ சாப்பாட்டு மணம் பிடித்து இழுத்த மாதிரி, நாலு பேரும் மெல்ல மெல்ல இறங்கி வரிசையில் வந்து நின்றார்கள்.

எங்களில் பாதிப் பேர் மீன்பிடி வள்ளத்தில் இந்து மாகடலைக் கடந்தவர்கள், மற்றப் பாதி ஒரே வாழ்க்கையை நாலு குடிவரவு அதிகாரிகளுக்கு நாலு தரம் சொல்லி ஒப்பேற்றியவர்கள், ஆகவே ஒரு படித்த மனுசன் ஒன்றரை அடி மேலே நிற்கிறதை அதிசயம் என்று பார்த்துக்கொண்டு நிற்க ஒருவருக்கும் நேரமில்லை. படம் எடுத்தார்கள். அவ்வளவுதான்.

அண்டைக்கு வெளியிட்டது பவளராணி அன்ரியின் முதல் புத்தகம், பெயர் "ஈரக் கையுறை", பத்துச் சிறுகதைகள். அன்ரிக்கு ஐம்பத்திரண்டு வயது. சலாட் இலை கழுவிப் பையில் அடைக்கிற தொழிற்சாலையில் பதினொரு வருசமாக நிற்கிறா. நானும் இப்போது அங்கேதான். பள்ளிக்கூடம் போன வருசத்தோடு முடிந்தது, மேலே படிக்கவில்லை, ஏன் என்று கேட்கிற ஆட்களுக்குச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஆனால் தமிழில் தட்டச்சு செய்ய எனக்கு நல்லாகத் தெரியும், அன்ரியின் பத்துக் கதைகளையும் தட்டச்சு செய்தது நான்தான், அதனால்தான் விழா முடிந்து காருக்குள் ஏறியவுடன் அவ புத்தகத்தை என் மடியில் போட்டா.

"ஜனு, அறுபத்தைஞ்சாம் பக்கத்தைத் திற."

திறந்தேன். வெள்ளை.

"மற்றப் பக்கம்?"

"அதுவும் வெள்ளை."

"அப்படியே தட்டிக்கொண்டு போ."

எண்பது வரைக்கும் தட்டினேன். பதினாறு பக்கம், ஒரு எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை, பக்க எண்கூட இல்லை. ஏழாவது கதை, "பதினோராம் தட்டு", முழுதாகக் காணாமல் போயிருந்தது. சென்னையில் அச்சடித்த இடத்தில் ஒரு தாள் மாறிப்போயிருக்கிறது, நூற்றிருபது புத்தகத்திலும்.

"அன்ரி, இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"பெட்டி வந்த அண்டைக்கே. ரெண்டு கிழமை."

"தெரிஞ்சுகொண்டோ வெளியீடு வைச்சனியள்? உங்களுக்கு என்ன விசரா?"

நான் அப்படித்தான் கேட்பேன். அன்ரிக்கு அது பழக்கம். கோபிக்கவில்லை, காரையும் எடுக்கவில்லை, திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"மண்டபம் எடுத்தாச்சு, வடைக்கும் சொல்லியாச்சு, நிப்பாட்டேலாது. அது ஒண்டு. மற்றது, எனக்கு ஒரு ஆசை வந்திட்டுது ஜனு. பேசப்போற நாலு பேருக்கும் அண்டைக்கே கொண்டுபோய்ப் புத்தகம் குடுத்தனான். ஒராள் எண்டாலும் ஃபோன் எடுத்து, 'என்ன பவளம், நடுவில வெள்ளையாக் கிடக்கு, என்ன நடந்தது' எண்டு கேப்பினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். கேட்டிருந்தா அந்த ஃபோனிலயே அழுதிருப்பன். சந்தோசத்தில."

எனக்கும் ஒரு புத்தகம் தந்திருந்தா, இரண்டு கிழமைக்கு முதல். அட்டையைப் படம் எடுத்து, மூன்று சிவப்பு இதயம் போட்டு எல்லாருக்கும் அனுப்பினேன். திறக்கவில்லை. தட்டச்சு செய்தது நான்தானே, எனக்குத் தெரியாததா என்று ஒரு எண்ணம்.

"நானும் கேக்கேல்லை" என்றேன்.

"ஓம். நீயும் கேக்கேல்லை."

அதுக்குப் பிறகு கார் வெளிக்கிட்டது. சந்தி விளக்கில் நிற்கும்போது, வாங்கவேண்டிய சாமானைச் சொல்கிற குரலில், அன்ரி சொன்னா: "இனி நான் எழுதேல்லை, ஜனு. புத்தகங்களைப் பழைய பேப்பர் போடுற மஞ்சள் மூடித் தொட்டியில போடப்போறன். ஆருக்கும் சொல்லாதை, மானம் போயிடும்." சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். அது நான் செய்த இரண்டாவது மடைத்தனம்.

இப்படி இருக்க, மண்டபத்தில் பறப்பது நின்றபாடில்லை. ஓகஸ்ட் மாதத்தில் மூன்று வெளியீடு, மூன்றிலும் பேச்சாளர்கள் எழும்பினார்கள், நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா, எங்கட ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தோம், அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டோம். புத்தகம் நல்லதென்றால்தான் பேசுகிறவர் எழும்புகிறார் என்று ஒராள் சொல்ல, அதுதானே பார்த்தேன் என்று இன்னொராள் சொல்ல, செல்வரூபன் அண்ணை வேலையிடத்து அளவு நாடாவைக் கொண்டுவந்து சுவரில் அடிக்கணக்குக் கோடு கீறினார், அழைப்பிதழில் "முந்தைய நூலுக்கு மூன்றடி கண்ட பேச்சாளர்" என்று பெயருக்குக் கீழே போட்டார்கள், மூன்றடிக்காரர் இரண்டடிக்காரருக்கு முதல் பேச ஒத்துக்கொள்ளவில்லை, தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள், நகரசபையில் இருந்து ஒரு பெண் வந்து பார்த்து, குறிப்பு எழுதி, "பேச்சாளர்கள் கூரையிலுள்ள தீயணைப்புக் குழாய்களில் முட்டாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒன்பது மொழியில் ஒரு அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனா.

எங்களுக்கு மட்டும் நடந்திருந்தால் நாங்கள் எவ்வளவு பெரிய இனம் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருப்போம். நல்லகாலம், அந்த மண்டபம் ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று கூட்டத்துக்குச் சொந்தம். காலை பதினொரு மணிக்கு வியட்நாம்காரரின் கவிதை வட்டம், ஒரு மணிக்குப் பிலிப்பீன்ஸ்காரரின் நாடகக் குழு, மூன்று மணிக்கு நாங்கள். மூன்று இடத்திலும் புகழ்ந்தார்கள், மூன்று இடத்திலும் பறந்தார்கள். வியட்நாம்காரர் பேச்சாளரின் இரண்டு பக்கமும் பத்துக் கிலோ அரிசிப் பையைக் கட்டிவிட்டார்கள். பிலிப்பீன்ஸ்காரர் கணுக்காலில் ரிப்பன் கட்டி ஒராள் நுனியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதுவரைக்கும் இந்த மூன்று கூட்டமும் ஒன்றோடொன்று பேசியதென்றால் கதிரை அடுக்காமல் போனது ஆர், கழுவுதொட்டியில் ரீத்தூள் கொட்டினது ஆர் என்ற சண்டை மட்டும்தான், இப்போது அரிசிப் பை கடன் கேட்கப் போனோம், ரிப்பன் கேட்க வந்தார்கள், உங்கட ஆள் எத்தனை அடி, எங்கட ஆள் எத்தனை அடி என்று கேட்டுக் கேட்டே பெயர்கள் தெரியவந்தன. வியட்நாம் வட்டத்துப் பெரியவர் லாம் ஐயா, ஓய்வெடுத்த தையல்காரர். நாடகக் குழுவை நடத்துகிற மரிசெல் அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறா, அதுக்கு முதல் எங்கட சலாட் தொழிற்சாலையில் இருந்தவ.

இதுக்குள்ளே பவளம் அன்ரி எழுதவில்லை. வேலைக்கு வருவா, இலை கழுவுவா, போவா. முந்தி இடைவேளையில் பைச் சிட்டையின் பின்பக்கத்தில் ஏதாவது கிறுக்கிக்கொண்டு இருக்கிறவ, இப்போது கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்ப்பா. மஞ்சள் மூடித் தொட்டியில் ஒரு பெட்டி போட்டுவிட்டுத் திரும்ப எடுத்துவிட்டா என்று எனக்குத் தெரியும். அடுத்த முறை எடுப்பாவா என்று தெரியாது.

செப்டெம்பர் முதல் ஞாயிறு ஒரு கவிதைப் புத்தக வெளியீடு. பேசவேண்டிய ஒராளுக்குக் காய்ச்சல் வந்ததால் செல்வரூபன் அண்ணை கடைசி நேரத்தில் அன்ரியைக் கூப்பிட்டார். அன்ரி மாட்டேன் என்று சொல்லவில்லை, ஏனென்றால் அந்தப் புத்தகத்தை அவ மூன்று தரம் வாசித்திருந்தா, எழுதமாட்டேன் என்று சொன்ன மனுசி வாசிப்பதை நிற்பாட்டவில்லை. மைக்குக்கு முன்னால் போய், கையில் ஒரு கடதாசித் துண்டு வைத்துக்கொண்டு சொன்னா:

"பத்துக் கவிதை நல்லாயிருக்கு. மூண்டு அவசரத்தில எழுதினது போலக் கிடக்கு. தாயைப் பற்றின கவிதையில கடைசி ரெண்டு வரி தேவையில்லை, அதுக்கு முதலே எனக்குக் கண் கலங்கிட்டுது."

எல்லாரும் அவவின் காலைப் பார்த்தார்கள். கால் நிலத்தில் நின்றது. ஒரு விரல்கடை கூட எழும்பவில்லை.

"பாவம், அவவுக்கு எழும்பேல்லை" என்று பின்வரிசையில் ஒரு அம்மா சொன்னா.

"லெட்டஸ் கழுவிக் கழுவிக் கை கால் எல்லாம் தண்ணி ஊறிக் கனத்துப்போச்சு" என்று அவவின் புருசன் சொன்னார். வரிசை முழுக்கச் சிரித்தது.

அன்ரி துண்டை நாலாக மடித்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தா. முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்ததாகக் கலாநிதி அருமைநாயகம் ஏறி, அதே கவிதைகளைப் பற்றி, "இப்படி ஒரு தொகுப்பு இந்த நூற்றாண்டில் வரவில்லை" என்று தொடங்கி, நாலடி உயரத்தில் நின்று, அடிக்கோட்டைப் பார்த்துச் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தார். நான் எழும்பிப் போய் அண்ணையின் கையிலிருந்த மற்ற மைக்கை வாங்கினேன். வாங்கினேன் என்ன, பறித்தேன்.

"ஐயா, ஒரு கேள்வி. பவளம் அன்ரியின்ர புத்தகத்தை நீங்கள் ஒரே மூச்சில வாசிச்சனியள்தானே?"

"ஓம் பிள்ளை, அதிலென்ன சந்தேகம்?" நாலரை அடி.

"அறுபத்தைஞ்சாம் பக்கம் எப்படி?"

"அற்புதம்! அந்தப் பக்கத்தில்தான் ஆசிரியர் சொல்லாமல் சொல்லும் கலையின் உச்சத்தைத் தொடுகிறார்!"

அவர் போன வேகத்தில் தலை கூரைத் தகட்டில் டங் என்று முட்டியது. பொன்னாடை கழன்று கீழே விழுந்தது.

"அந்தப் பக்கத்தில ஒண்டுமில்லை ஐயா" என்றேன். "வெறும் வெள்ளை. எண்பது வரைக்கும் வெள்ளை. பதினாறு பக்கம் அச்சில விடுபட்டுப் போச்சு. நாலு பேர் பேசினியள், நூறு பேர் புத்தகம் வாங்கிப் படம் எடுத்தியள், ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, நானும் திறக்கேல்லை. இந்த மண்டபத்தில புத்தகம் நல்லதெண்டு ஒருத்தரும் மேல போகேல்லை. வாசிக்காமல் சொல்றதாலதான் மேல போறியள். அன்ரி வாசிச்சவ, அதால அவ கீழ நிக்கிறா."

பின்வரிசை அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேடினா. அவவின் புருசன் நிலத்தைப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது, ரீக்கும் கூப்பிட்டாயிற்று, ஆனால் அருமைநாயகம் ஐயா மட்டும் இறங்கவில்லை, இந்தத் தரம் போனது அவ்வளவு தூரம். செல்வரூபன் அண்ணை ஃபோர்க்லிஃப்ட் கொண்டுவரட்டோ என்று கேட்டார். அரிசிப் பையைத் திருப்பி எடுக்க வந்திருந்த லாம் ஐயாவும், ரிப்பனுக்கு வந்த மரிசெல் அக்காவும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

கூரையோடு ஒட்டிக்கொண்டு அந்த மனுசன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, மைக் இல்லாமல், மேடைத் தமிழ் இல்லாமல், சின்னக் குரலில் சொன்னார்: "நான் வாசிக்கேல்லை." ஒரு அடி இறங்கினார். "முன்னுரை வாசிச்சன்." நிற்கிற இடத்திலேயே நின்றார். "முன்னுரையும் பாதிதான்." இன்னொரு அடி. "அந்த மூண்டு பேரும் வாசிச்சிருப்பினம் எண்டு நினைச்சன். போன வருசம் பதினெட்டுப் புத்தகத்துக்குப் பேசினனான். ஒண்டையும் முழுக்க வாசிக்கேல்லை. என்ர புத்தகத்தையும் ஒருத்தரும் வாசிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும், அதால இதுதான் வழமை எண்டு இருந்திட்டன்." அதோடு அவருடைய சப்பாத்து இரண்டும் நிலத்தில் பட்டன, நேராக அன்ரியின் முன்னால் வந்து நின்றார்.

"பவளம், அந்தப் பதினாறு பக்கத்தில என்ன கதை இருந்தது?"

"வேண்டாம், விடுங்கோ."

"இல்லை, சொல்லுங்கோ."

"சொல்றதெண்டா நான் ஏன் எழுதினனான்?" என்றா அன்ரி.

என்ன நடக்கிறது என்று லாம் ஐயா என்னைக் கேட்டார், நான் ஆங்கிலத்தில் சொன்னேன், அவர் புத்தகத்தை வாங்கி அறுபத்தைந்தாம் பக்கத்தைத் திறந்து, துணி பார்க்கிற மாதிரி விரலால் தடவி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னது எல்லாருக்கும் நான் மொழிபெயர்த்தது இது: "நாங்கள் மலேசியாவில் அகதி முகாமில் இருந்தபோது ஒரே ஒரு கவிதைப் புத்தகம் இருந்தது. நாற்பது பேர் கையால் படி எடுத்தோம், சவர்க்காரப் பெட்டி அட்டையில். அதோடு பார்த்தால் இது நல்ல தாள். வெள்ளையாகத்தானே இருக்கிறது. எழுதலாம்."

"நூற்றிருபது புத்தகம்" என்றார் செல்வரூபன் அண்ணை.

"இந்த மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை எத்தனை கை வருகிறது?" என்று கேட்டார் லாம் ஐயா.

"நான் எழுதிறன்" என்றார் அருமைநாயகம் ஐயா.

"உங்கட கையெழுத்து ஆருக்கும் விளங்காது" என்றா அன்ரி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. அவ ஓம் என்று சொன்னது அப்படித்தான்.

ஒன்பது ஞாயிறு எழுதினோம். வாங்கியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் புத்தகங்களைத் திருப்பி எடுத்தோம், முக்கால்வாசியில் வெளியீட்டன்று கட்டின ரிப்பன் அப்படியே இருந்தது, ஒன்று பூச்சாடிக்குக் கீழே இருந்தது, அந்த வீட்டு அம்மா அதைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துத் தந்துவிட்டு, தானே வந்து இரண்டு புத்தகம் எழுதினா, அவதான் அந்தப் பின்வரிசை அம்மா. நான் என்னுடைய கணினியில் இருந்த கதையைப் பெரிய எழுத்தில் எடுத்து மேசைக்கு மேசை ஒட்டினேன். தமிழ் தெரிந்தவர்கள் வாசித்து எழுதினார்கள். தெரியாதவர்கள் பார்த்து வரைந்தார்கள். லாம் ஐயா எழுத்தெழுத்தாக அளந்து, ஊசி நூல் கோர்க்கிற கவனத்தோடு வரைந்தார், அவருடைய 'ழ'வைப் போல ஒரு 'ழ'வை எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரும் எழுதினது கிடையாது. வியட்நாம் வட்டம் தங்கள் கூட்டத்தைப் பன்னிரண்டு மணிக்கே முடித்துக்கொண்டது, நாடகக் குழு ஒத்திகையை விட்டுவிட்டு வந்தது, கழுவுதொட்டியில் ரீத்தூள் நிறைந்தது, ஒருவரும் கேட்கவில்லை. அருமைநாயகம் ஐயா ஐந்து புத்தகம் எழுதினார், முதலாவதில் கடைசிப் பக்கத்தில் மை கரைந்திருந்தது, கேட்டால் தண்ணீர்ப் போத்தல் சாய்ந்தது என்று சொன்னார், அவர் மைக்குக்கு முன்னால் இல்லாததால் அது உண்மையோ என்று பார்க்க வழியில்லை.

நாலாவது ஞாயிறு என்று நினைக்கிறேன், மரிசெல் அக்கா எழுபத்தி நாலாம் பக்கத்தில் நின்றுகொண்டு பேனாவை வாயில் கடித்தபடி என்னைக் கூப்பிட்டா.

"நாலு ஞாயிறாக வரைகிறேன், என்ன வரைகிறேன் என்று தெரியவில்லை. கதையைச் சொல்லு பிள்ளை."

சொன்னேன். சலாட் தொழிற்சாலையில் ஒரு பெண். ஊரில் தாய் செத்த செய்தி காலையில் வருகிறது. விசா இல்லாததால் போக முடியாது, போனால் திரும்ப முடியாது, லீவு கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும், சொன்னால் அழவேண்டும், ஆகவே வேலைக்கு வருகிறாள். ஒரு மணித்தியாலத்தில் பத்துத் தட்டு இலை கழுவவேண்டும். அவள் ஒரே இலையைக் கழுவிக்கொண்டு நிற்கிறாள். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற, அவளுக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருத்தி தன் பத்துத் தட்டையும் முடித்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல், நீலக் கையுறை போட்ட கையை நீட்டி, அவளுடைய தட்டைத் தன் பக்கம் இழுத்துக் கழுவத் தொடங்குகிறாள். அது அவளுக்குப் பதினோராம் தட்டு. பிறகு பன்னிரண்டாவது. அன்று முழுக்க மணிக்கு இருபது தட்டு. அதுதான் கதை.

மரிசெல் அக்கா பேனாவைக் கீழே வைத்தா.

"எல்லாரும் வெள்ளைக் கையுறை போடுவார்கள்" என்றா. "எனக்கு வெள்ளை ஒத்துக்கொள்ளாது, தோல் கடிக்கும். நீலம் போட்டது நான் ஒருத்திதான்."

நான் அன்ரியைத் திரும்பிப் பார்த்தேன். அன்ரி அடுத்த மேசையில் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தா, காதெல்லாம் சிவந்துபோய் இருந்தது. தமிழ் தெரியாத ஒருத்திக்குத் தமிழில் ஒரு நன்றி எழுதி, அதைப் பத்துக் கதைக்கு நடுவில் ஒளித்துவைத்து, அந்த ஒன்றைத்தான் அச்சு தின்றிருக்கிறது.

"அன்றைக்கு உனக்கு வயிற்றுவலி என்று நினைத்தேன்" என்று மரிசெல் அக்கா மேசைக்கு மேலால் சொன்னா.

"நினைச்சிருப்பாய் எண்டு தெரியும்" என்று அன்ரி தமிழிலேயே சொன்னா. நான் மொழிபெயர்க்கவில்லை. இரண்டு பேரும் திரும்ப எழுதத் தொடங்கினார்கள். மரிசெல் அக்கா தான் எழுதிய ஒவ்வொரு பிரதியிலும் எழுபத்தி நாலாம் பக்கத்தின் மூலையில் நீல மையில் ஒரு கை வரைந்தா, அது கதையில் இல்லை என்று ஒருவரும் அழிக்கச் சொல்லவில்லை.

நவம்பர் கடைசி ஞாயிறு இரண்டாவது வெளியீடு வைத்தோம். நூற்றிருபது புத்தகம், நூற்றிருபதிலும் நடுவில் பதினாறு பக்கம் வேறு வேறு கையெழுத்து. மூன்று கூட்டமும் வந்தது, கதிரை காணாமல் அரிசிப் பையின் மேல் இருந்தார்கள். சுவரில் அடிக்கோடு அப்படியே இருந்தது. பேச வந்தவர்களுக்கு முகம் வெளிறியிருந்தது, பொய் சொல்லவும் முடியாது, உண்மை சொல்லிப் பழக்கமும் இல்லை.

அருமைநாயகம் ஐயா முதலில் ஏறினார். "எனக்கு மூன்றாவது கதை பிடிக்கேல்லை" என்றார். எல்லாரும் குனிந்து பார்த்தோம். கால் நிலத்தில். "அது நீளம் கூட. அஞ்சாவது கதையில வாற மாமியார் என்ர அம்மா மாதிரி, அதால எனக்குக் கோபம் வந்தது. ஏழாவது கதையை அஞ்சு தரம் எழுதினன், ஆறாவது தரம் எழுதச் சொன்னாலும் எழுதுவன்." கால் நிலத்தில். அவ்வளவுதான் பேச்சு, இரண்டு நிமிடம்கூட இல்லை, நான் பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சுக்களில் அதுக்குத்தான் உண்மையாகக் கை தட்டினேன்.

லாம் ஐயா ஏறியபோது பயமாக இருந்தது, அவருக்கு ஒரு சொல்லும் தெரியாதே. அவர் மைக்கைப் பிடித்து, "இந்தக் கதையை எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றார். "ஆனால் அறுபத்தெட்டாம் பக்கத்தில் எழுதியவரின் கை தயங்கியிருக்கிறது. அங்கே வசனங்கள் திடீரென்று சிறிதாகின்றன. நான் வரையும்போது என்னுடைய கையும் அங்கே மெதுவாகியது." நான் மொழிபெயர்த்து முடித்துக் குனிந்து பார்த்தேன். பழைய பழுப்புச் சப்பாத்து இரண்டும் நிலத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றன.

கடைசியாக ஏற்புரை. அன்ரி பச்சைச் சேலை கட்டியிருந்தா. மைக்குக்கு முன்னால் வந்து, கும்பிட்டு, எங்கட எழுத்தாளர்கள் எல்லாரும் ஏற்புரையில் எப்படித் தொடங்குவார்களோ அப்படித் தொடங்கினா.

"நான் ஒண்டும் பெரிய எழுத்தாளர் இல்லை. ஏதோ பொழுது போகாமல் கிறுக்கினது."

சேலைக் கரை நிலத்தை விட்டு எழும்பியது.

மண்டபம் 'ஐயோ' என்று ஒரே குரலில் சத்தம் போட்டது. அன்ரி கீழே குனிந்து பார்த்தா, திடுக்கிட்டா, சமாளிக்கப் பார்த்தா: "இதில பெரிசா ஒண்டுமில்லை, பிழையள் இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ..." இரண்டடி. செருப்பு ஒன்று கழன்று விழுந்தது.

"அன்ரி, வாயை மூடுங்கோ!" என்று நான் கத்தினேன்.

"பவளம், உண்மையைச் சொல்லுங்கோ, கூரையில முட்டப் போறியள், எனக்கு அந்தத் தகடு தெரியும்!" என்று அருமைநாயகம் ஐயா எழும்பி நின்று கத்தினார்.

"என்ன சொல்லுறது?" என்று அன்ரி மேலிருந்து கேட்டா, ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு.

"நல்லா எழுதியிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ!"

"அதை நானே எப்படிச் சொல்லுறது? சனம் என்ன நினைக்கும்?"

"சனம் நாங்கள்தான்!" என்று பின்வரிசை அம்மா கத்தினா. "சொல்லுங்கோ!"

என்ன கேட்கிறார்கள் என்று மரிசெல் அக்கா என் தோளை உலுக்கினா, சொன்னேன், உடனே அவ கதிரைக்கு மேலே ஏறி நின்று, தனக்குத் தெரிந்த ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை, எங்கட வடை வரிசையில் நின்று பழகின சொல்லை, கையைத் தட்டித் தட்டிச் சொன்னா: "நல்லம்! நல்லம்!" லாம் ஐயா சொன்னார். வியட்நாம்காரர் சொன்னார்கள். நாடகக் குழு மெட்டுப் போட்டே சொன்னது.

அன்ரி மேலே நின்று எங்களைப் பார்த்தா. மூன்று பாசை பேசுகிற இவ்வளவு பேர், ஒவ்வொருத்தரின் விரலிலும் இன்னும் போகாத மை. மைக் எட்டவில்லை, எட்டத் தேவையும் இருக்கவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறன்" என்றா.

தொப் என்று வந்து இறங்கினா. மேடைப் பலகை அதிர்ந்தது. மண்டபம் எழுப்பின சத்தத்தில் ரொட்டிக் கடைக்காரர் வாசலுக்கு ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டார், ஒருத்தரும் திரும்பிப் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அன்ரி ஒற்றைச் செருப்போடு மைக்கைக் கிட்ட இழுத்து, வேறொன்றைச் சொல்லத் தொடங்கியிருந்தா.

"அடுத்த புத்தகத்தில நாலு கதை முடிஞ்சுது. அஞ்சாவது எழுதிக்கொண்டிருக்கிறன்."

நூறு நூற்றைம்பது பேரும் கழுத்தை நீட்டி அவவின் காலைப் பார்த்தோம். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால், இரண்டும் பலகையில் அழுந்தி நின்றன.